நாசிக் மண்ணும் ஷிராஸ் திராட்சையும்: எடைக்கு விலையா, தரத்துக்கு விலையா?

மும்பையிலிருந்து நாசிக் போகும் ரயில் கசாரா நிலையத்தை அடைந்ததும், பின்னாலிருந்து தள்ளுவதற்கு எஞ்சின் கோக்கிறார்கள். மலை ஏறி முடித்து இகத்புரி வந்ததும் அதைக் கழற்றி விடுகிறார்கள். ரயிலுக்கு உள்ள இதே ஏற்றம் மேகத்துக்கும் உண்டு. ஆனால் மேகத்தைத் தள்ளிவிட எஞ்சின் இல்லை. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவ மேகம் இந்த மலைச் சுவரில் மோதித் தன் சுமையை இங்கேயே இறக்கி விடுகிறது. இகத்புரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதே தண்டவாளத்தில் கிழக்கே போய், நாசிக் ரோடு தாண்டி நிபாட் சேர்ந்தால், மழை அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். இகத்புரியில் நெல் விளைகிறது. நிபாடில் திராட்சை விளைகிறது.

தாதரிலும் மாட்டுங்காவிலும் தள்ளுவண்டியில் வரும் பச்சைத் திராட்சை இந்தப் பக்கத்துச் சரக்கு. வெளிநாட்டுக்குக் கப்பலேறும் இந்தியத் திராட்சையிலும் பெரும்பகுதி நாசிக் மாவட்டத்தினுடையதே. இவை தின்பதற்கு. இவற்றோடு, தின்பதற்கு ஆகாத இன்னொரு வகையும் இந்த மாவட்டத்தில் பயிராகிறது. சிறிய மணி, கறுத்த தடித்த தோல், உள்ளே விதை. அதன் பெயர் ஷிராஸ். பிறந்த நாடான பிரான்சில் அதைச் சிரா என்பார்கள். அது சிவப்பு ஒயினுக்கு உரிய திராட்சை.

இந்தத் திராட்சையைப் பயிரிடும் விவசாயிக்கு முன்னால் இப்போது ஒரு கேள்வி நிற்கிறது. குடிப்பது நல்லதா தீயதா என்பது தனி வழக்கு. அதை இங்கே எடுக்க வேண்டியதில்லை. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே 2022 ஏப்ரல் 2-ல் கையெழுத்தாகி, அதே ஆண்டு டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்த வர்த்தக ஒப்பந்தமே இந்தக் கேள்வியைக் கிளப்பியிருக்கிறது.

சுங்கம் இறங்குகிறது

அதுவரை இறக்குமதி ஒயினுக்கு 150 சதவீதம் சுங்கவரி. அது நாசிக்கைச் சுற்றி நின்ற மதில் சுவர் போல இருந்தது. ஒப்பந்தப்படி, ஒரு பாட்டில் 5 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள ஆஸ்திரேலிய ஒயினுக்கு வரி உடனே 100 சதவீதமாக இறங்கியது. பத்து ஆண்டுகளில் அது படிப்படியாக 50 சதவீதமாகும். 15 டாலருக்கு மேற்பட்ட உயர்ந்த சரக்குக்கு உடனே 75 சதவீதம். பத்து ஆண்டுகளில் 25 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 16 டாலர் பாட்டிலுக்கு முன்பு சுங்கம் மட்டும் 24 டாலர். அது 12 டாலராயிற்று. கடைசியில் 4 டாலராகிவிடும். மாநில வரிகள் தனி. கவனிக்க வேண்டியது இதுதான்: உயர்ந்த சரக்குக்கே சலுகை அதிகம். மலிவான சரக்குக்குச் சலுகையே கிடையாது. ஆக, போட்டி வரப்போவது தரத்தில்.

ஆஸ்திரேலியாவில் மிக அதிகமாகப் பயிரிடப்படும் ஒயின் திராட்சையும் இதே ஷிராஸ்தான். 1832-ல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோன கொடிகளில் அதுவும் இருந்தது. அங்கே பரந்த நிலங்களில் இயந்திரமே கவாத்து செய்கிறது. இயந்திரமே அறுவடை செய்கிறது. விலையைக் குறைத்து அவர்களோடு மல்லுக்கு நிற்க நாசிக்கின் சின்ன விவசாயியால் முடியாது. அவன் கையில் இருப்பது அவனுடைய இடம், மண், உழைப்பு ஆகிய மூன்றும்தான். ஷிராஸ் திராட்சையின் குணத்தைத் தீர்மானிப்பவையும் இந்த மூன்றே.

இடம் செய்யும் வேலை

ஷிராஸ் என்பது ஈரான் நாட்டு நகரம் ஒன்றின் பெயர். அதனால் இந்தத் திராட்சை பாரசீகத்திலிருந்து வந்தது என்று வெகுகாலம் கதை சொல்லி வந்தார்கள். 1998-ல் மரபணு ஆராய்ச்சி அந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. துரேசா, மொந்தேஸ் பிளான்ஷ் என்ற இரண்டு தென்கிழக்குப் பிரெஞ்சு வகைகள் கலந்து பிறந்த பிள்ளை இது. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, வசந்தத்தில் விழித்து, கோடை முடியும்போது பழுப்பது இதன் பிறவிக் குணம்.

நாசிக் இருப்பது வெப்பமண்டலத்தில். இங்கே கொடி உறங்குவதில்லை. விட்டால் ஆண்டு முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே மனிதன்தான் அதற்குப் பருவம் வகுத்துக் கொடுக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு கவாத்து. அது கிளை விடுவதற்கு. அதில் பழம் எடுப்பதில்லை. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து. அதுதான் பழத்துக்கு. நவம்பர் வாக்கில் பூத்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த வாசகர்களுக்குக் கவாத்து புதிதல்ல. அங்கே பன்னீர்த் திராட்சையில் இரண்டு ஆண்டுக்கு ஐந்து வெள்ளாமை எடுக்கிறார்கள். நாசிக்கில் இரண்டு முறை வெட்டி ஒரே வெள்ளாமை எடுப்பதற்குக் காரணம் மழை. மழைக்காலத்தில் பழம் இருந்தால் அழுகிப் போகும்.

நாசிக்குக்கு இயற்கை தந்த சலுகை அதன் உயரம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். பகல் வெயில் சர்க்கரையைச் சேர்க்கிறது. இரவுக் குளிர் புளிப்பையும் தோலின் கறுப்பையும் காப்பாற்றுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல ஷிராஸ்.

ஆனால் பிரான்சுக்கும் நாசிக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே பழம் முற்றும் வேளையில் காற்று குளிர்ந்துகொண்டு வருகிறது. இங்கே பழம் முற்றும் வேளையில், பிப்ரவரி பிறந்ததும், வெயில் ஏறிக்கொண்டு வருகிறது. சர்க்கரை மளமளவென்று கூடுகிறது. புளிப்பு அதே வேகத்தில் இறங்குகிறது. தோலும் விதையும் முதிர்வதோ நிதானமாக. இந்த இரண்டு வேகத்துக்கும் இடையே சரியான நாளைப் பிடிப்பதுதான் நாசிக் விவசாயியின் வித்தை. பறித்த பழம் சூடேறாமல் இருக்க, இரவிலும் விடியற்காலையிலும் அறுவடை செய்வதும் இதற்காகவே.

ஷிராஸில் மிளகு வாசனை வரும் என்பார்கள். அது வெறும் வர்ணனையல்ல. மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற பொருளே இதன் தோலிலும் இருப்பதை 2008-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். குளிர்ச்சியான இடங்களில் அது கூடுதலாக உண்டாகிறது. வெப்பமான இடங்களில் குறைகிறது. கொடி ஒன்றே, இடத்துக்கு இடம் வாசனை வேறு.

மண்ணின் பங்கு

நாசிக் மண் எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கிப் பரவிய குழம்பு இறுகிக் கரும்பாறையானது. அந்தப் பாறை சிதைந்த விதத்தைப் பொறுத்து, ஒரே தாலுகாவில் இரண்டு விதமான மண் கிடக்கிறது. ஆற்றோரத் தாழ்வில் ஆழமான கரிசல். குன்றுச் சரிவில் மெலிந்த செம்மண்ணும் சரளையும். இந்தச் சரளையை மராத்தியர்கள் முரும் என்கிறார்கள். மும்பையில் கட்டட வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

கரும்புக்கும் வெங்காயத்துக்கும் எது நல்ல நிலம் என்றால், யாரும் கரிசலைக் காட்டுவார்கள். ஷிராஸுக்கு அது பொருந்தாது. கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொடி இலையும் தழையுமாகக் கொழுக்கிறது. மணி தண்ணீர் குடித்துப் பருக்கிறது. ஒயினின் நிறமும் துவர்ப்பும் வாசனையும் பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன. மணி பெருத்தால் சாறு கூடி, அதற்கு ஏற்ற தோல் இல்லாமல் போகிறது. பாலில் தண்ணீர் விட்ட கதைதான்.

முரும் நிலத்தில் தண்ணீர் நிற்பதில்லை. வேர் ஆழம் தேடிப் போகிறது. கொடி அளவோடு வளர்கிறது. மணி சிறுத்து, தோல் தடித்து, சாறு கெட்டிப்படுகிறது. திண்டோரி தாலுகாவின் குன்றுச் சரிவுகள் ஷிராஸுக்குப் பெயர் பெற்றது இப்படித்தான். அப்பன் காலத்தில் எதற்கும் உதவாது என்று ஆடு மேயவிட்ட சரிவு, மகன் காலத்தில் ஒயின் நிலமாயிற்று.

ஆனால் அந்தச் சரிவு தருவது குறைந்த எடை. பிரச்சனையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கையால் நடக்கும் காரியம்

நிலம் பாதி என்றால் கை பாதி. தின்னும் திராட்சையில் மணி பெருக்க வேண்டும் என்று ஜிபரலிக் அமிலத்தில் கொத்தை நனைக்கிறார்கள். ஷிராஸுக்கு அந்த வேலை கிடையாது. மணி பெருக்கவே கூடாது. பந்தலில் படரவிடாமல், கம்பியில் நிமிர்த்திக் கட்டுகிறார்கள். ஷிராஸின் இளங்கிளை நீண்டு தொங்கும் ஜாதி. அவ்வப்போது தூக்கிக் கட்டாவிட்டால் காற்றில் ஒடியும். கொத்தைச் சுற்றி இலையைக் கிள்ளிக் காற்றோட்டம் விடவேண்டும். அதிகம் கிள்ளிவிட்டால் பிற்பகல் வெயிலில் பழம் வெந்து போகும். கூடுதல் கொத்துகளைப் பச்சையிலேயே அறுத்துக் கீழே போடவேண்டும். சொட்டு நீரைக் கூட, காய் நிறம் மாறும் காலத்தில் அளந்து குறைக்க வேண்டும்.

வேர் விஷயத்திலும் யோசனை வேண்டும். வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்று டாக்ரிட்ஜ் என்ற அமெரிக்கக் காட்டுக்கொடியின் வேரில் ஒட்டுக் கட்டுவது மராட்டியத்தில் பரவிய பழக்கம். அது தழை வீரியம் மிகுந்த வேர். தின்னும் திராட்சைக்கு உதவும் அந்த வீரியம், ஷிராஸுக்கு உபத்திரவமாகக் கூடும்.

இந்த வேலைகளைச் செய்பவர்களில் பலர் பேட், சுர்கானா போன்ற மேற்கத்தி தாலுகாக்களிலிருந்து இறங்கி வரும் ஆதிவாசித் தொழிலாளர்கள். குடும்பத்தோடு வந்து, பருவம் முடிந்ததும் திரும்பிப் போகிறவர்கள். இரண்டாவது கவாத்து முடிந்ததும், கண்கள் ஒரே சமயத்தில் முளைவிட ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைக் கண்ணுக்குக் கண் பூச வேண்டியிருக்கிறது. தோலைப் புண்ணாக்கும் நச்சு மருந்து அது. கையுறை அவசியம். அதைப் பூசும் நாட்களிலும், பிறகு சில நாட்களுக்கும் மதுவைத் தொடவே கூடாது. தொட்டால் உடம்புக்கு ஆபத்து. ஒயினுக்காகப் பாடுபடுகிறவனுக்கு இந்தப் பத்தியம்!

தராசு சொல்லும் கணக்கு

இவ்வளவும் செய்து விளைந்த பழம் ஒயின் ஆலையின் வாசலுக்கு வருகிறது. அங்கே அது தராசில் ஏறுகிறது. ஒப்பந்தத்தில் ரகத்துக்கு இவ்வளவு, சர்க்கரை இந்த அளவு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல், கிலோவுக்கு இன்ன விலை. இதுவே பொதுவான நடைமுறை.

ஷிராஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. முற்றத் தொடங்கி ஒரு கட்டம் தாண்டியதும், மணி கொடியிலேயே நீரை இழந்து சுருங்க ஆரம்பிக்கும். இது நோயல்ல, அதன் இயல்பு. தோலும் விதையும் நன்றாக முதிரட்டும் என்று விவசாயி காத்திருந்தால், ஒவ்வொரு நாளும் அவனுடைய எடை குறைகிறது. இரவில் மழை வந்துவிடுமோ என்ற பயம் வேறு. சர்க்கரை தேவையான அளவைத் தொட்டுவிட்டால், உடனே அறுத்துக் கொண்டுபோய்ப் போடுவதே அவனுக்கு லாபம். நாசிக் வெயிலில் சர்க்கரைதான் முதலில் ஓடிவருகிறதே!

அதாவது, நல்ல ஷிராஸுக்கு வேண்டியவை மெலிந்த நிலம், குறைந்த தண்ணீர், குறைந்த கொத்து, பொறுமையான அறுவடை. இந்த நான்கும் எடையைக் குறைப்பவை. எடைக்கு விலை கொடுத்துக்கொண்டே இவற்றைச் செய்யச் சொல்வது எப்படி நியாயமாகும்?

தாராவியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற தையல்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. டஜனுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, தையல் நெருக்கமாக விழவில்லை என்று முதலாளி கோபித்துக்கொண்டால் பயன் என்ன? அவர் எதற்குக் கூலி கொடுத்தாரோ, அதுதான் அவருக்குக் கிடைக்கும்.

விவசாயி பட்ட சூடு

விவசாயி ஏன் ஆலையை நம்பித் துணிந்து செய்யவில்லை என்று கேட்கலாம். அவன் ஒருமுறை சூடுபட்டவன். 2001-ல் மராட்டிய அரசு திராட்சை பதனத் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. நாசிக் மாவட்டத்தில் விஞ்சூரிலும், சாங்லி மாவட்டத்தில் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள் அமைந்தன. ஆலைகள் பெருகின. விவசாயிகள் கடன் வாங்கி ஒயின் ரகங்களை நட்டார்கள்.

2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. நவம்பரில் மும்பைத் தாக்குதல். ஓட்டல்கள் வெறிச்சோடின, ஒயின் தேங்கியது. ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன. பாக்கிப் பணம் இழுத்தடித்தது. தின்னும் திராட்சை விற்காவிட்டால் உலர்த்திக் கிஸ்மிஸ் ஆக்கலாம். விதையும் தடித்த தோலும் உள்ள ஷிராஸை எந்தத் தள்ளுவண்டிக்காரர் வாங்குவார்? பலர் கொடியை வேரோடு பிடுங்கிவிட்டுத் தின்னும் திராட்சைக்கே திரும்பினார்கள்.

வானமும் இப்போது பழைய வானமாக இல்லை. 2009 நவம்பரில் பியான் புயல் மழை, பூக்கும் பருவத்தில் வந்து அடிச்சாம்பல் நோயைப் பரப்பியது. 2019-ல் மழை அக்டோபர், நவம்பர் வரை நீண்டது. 2023 நவம்பர் 26-ல் நிபாட் பக்கம் ஆலங்கட்டி கொட்டியது. 2025-ல் பருவமழை மே 26-லேயே மும்பைக்கு வந்துவிட்டது. ஏப்ரல் கவாத்துக்குப் பிறகு வரும் வாரங்களில் கிளையின் கண்ணுக்குள் அடுத்த பழத்துக்கான கரு உருவாகிறது. அதற்கு வெயில் வேண்டும். மே மாதம் மேகம் மூடினால், அடுத்த பிப்ரவரியில் கொத்து குறையும். நஷ்டம் பல மாதம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். இந்த நஷ்டத்தை முதலில் தாங்குகிறவன் விவசாயி.

பிரான்சில் செய்தது என்ன?

இந்தச் சிக்கல் நாசிக்குக்கு மட்டும் உரியதல்ல. சிரா பிறந்த ரோன் ஆற்றங்கரையில் எர்மிதாஜ் என்று ஒரு குன்று இருக்கிறது. தெற்குப் பார்த்த சரிவு. மேற்குப் பக்கம் கருங்கல் மண். முழுக் குன்றும் சுமார் 136 ஹெக்டேர்தான். 340 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊரில் ஒரு பெரிய ஏரி அளவு கூட இருக்காது. மழையில் மண் கரையாமல் இருக்கக் கல்சுவர் எழுப்பிப் படிப்படியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

1937-ல் அந்தக் குன்றின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. பெயரோடு கட்டுப்பாடும் வந்தது. ஹெக்டேருக்கு 40 ஹெக்டோலிட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,600 லிட்டர் ஒயினே அடிப்படை அளவு. ஒருவன் மட்டும் விளைச்சலைக் குறைத்தால் அவன் நஷ்டப்படுவான். எல்லோரும் குறைத்தாக வேண்டும் என்றபோது, இடத்தின் பெயருக்கே மதிப்பு ஏறியது. குறைந்த எடைக்குக் கூடுதல் விலை கிடைத்தது.

நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பெயர்ப்பலகை மாட்டினால் மட்டும் கடையில் சரக்கு விற்காது. திண்டோரிச் சரிவில் விளைந்ததற்கும், ஆற்றோரக் கரிசலில் விளைந்ததற்கும் வாசலில் ஒரே விலை என்றால், சரிவில் பாடுபடுகிறவன் ஏமாளி ஆகிறான்.

செய்ய வேண்டியது

2022 ஜனவரி 27-ல் மராட்டிய மந்திரிசபை, பெரிய பலசரக்குக் கடைகளில் ஒயின் விற்க அனுமதிக்க முடிவு செய்தது. விவசாயிக்கு நன்மை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, திட்டம் கிடப்பில் விழுந்தது. எங்கே விற்பது என்ற வாதத்தில் காட்டிய சூட்டை, எப்படி வாங்குவது என்பதில் காட்டவில்லை.

வழிகள் இல்லாமல் இல்லை. கிலோவுக்கு என்பதற்குப் பதில் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டு, விளைச்சலுக்கு மேல்வரம்பு வைக்கலாம். அறுவடையைத் தள்ளிப்போடச் சொல்லும் ஆலை, சுருங்கிய எடைக்கு ஈடு கொடுக்கலாம். விலை நிர்ணயத்தில் சர்க்கரையோடு நிறத்தையும் புளிப்பையும் சேர்க்கலாம். சரிவு நிலத்தைத் தனியாகத் தரம் பிரித்துப் பதியலாம். புணே அருகே மாஞ்சரியில் 1997 முதல் திராட்சைக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த மண்ணுக்கு எந்த வேர் என்று அது சொல்வதைக் கேட்கலாம். கொள்முதல் பணத்துக்குத் தேதி குறித்து, தவறினால் வட்டி என்று அரசு விதி செய்யலாம். மருந்து பூசும் தொழிலாளிக்குக் கையுறையும் முகமூடியும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

ஆலைகள் இதற்குச் சொல்லும் பதில் தெரிந்ததே: விலை ஏறினால் பாட்டில் விற்காது என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சுங்கம் இறங்க இறங்க, நடுத்தரமான நாசிக் ஷிராஸை அதே விலைக்கு வரும் ஆஸ்திரேலியச் சரக்கு ஓரங்கட்டிவிடும். அப்போது விலையைக் குறைத்தும் பயன் இருக்காது.

2022-ல் தொடங்கிய பத்தாண்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஷிராஸ் கொடியை நட்டால், அது சரியாகக் காய்க்க மூன்று ஆண்டுகள் ஆகும். எந்தச் சரிவில் நடுவது, என்ன விலை பேசுவது என்பதை இப்போதே முடிவு செய்தால்தான், மதில் இறங்கும் நாளில் அந்தக் கொடியில் பழம் இருக்கும்.